தேயாத பேடு

வாங்க தம்பி, இப்படி நிழல்ல நின்னு பாருங்க. சாவி எடுத்துத் தாரேன். எங்க வீட்டுக்காரரு ஆஸ்பத்திரிக்குப் போயிருக்காரு. கால்ல கட்டுப் பிரிச்சுக் கட்டணும், மகன் கூட்டிட்டுப் போயிருக்கான். மதியச் சாப்பாட்டுக்கு வந்துருவாரு. வெல பேசுறதெல்லாம் அவரோட வச்சுக்கங்க. அதுவரைக்கும் நீங்க வண்டியச் சுத்திப் பாருங்க. டயரெல்லாம் நல்ல டயரு. தார்ப்பாய் புதுசு. அடியில குனிஞ்சு பாருங்க, துரு இருக்காது. ஒவ்வொரு மழைக்கும் கழுவி விடுவாரு.

என்னது, பிரேக்கா?

யாரு சொன்னா உங்ககிட்ட? கம்பம் ஸ்டாண்டுலயா? சொல்லுவாங்க, சொல்லுவாங்க. சுருளிவேல் வண்டி நிக்காது, மலையில கொண்டுபோய் முட்டுன வண்டின்னு சொல்லிருப்பாங்க.

உக்காருங்க தம்பி. தண்ணி குடிங்க. நீங்க தேவாரம் பக்கம்னுதான சொன்னீங்க? இந்த ஊர்ல உங்களுக்குச் சொந்தக்காரங்க யாரும் இருக்காங்களா? இல்லயா. சரி.

வண்டியில பிரேக் நல்லா இருக்கு. அந்தக் கொட்டகைக்குள்ள உரச்சாக்கு மேல ஒரு அட்டைப்பெட்டி இருக்கு, எடுத்துட்டு வாங்க. பிரேக் பேடுதான் எல்லாம். முன்சக்கரத்துல டிஸ்க்க ரெண்டு பக்கமும் கவ்விப் பிடிக்குமே, அது. இவரு கழட்டச் சொல்லிக் கழட்டிப் போட்டது. கையில எடுத்துப் பாருங்க. எதுலயாச்சும் தேஞ்சிருக்கா? அப்படியே கெட்டியா இருக்குல்ல? தேயாத பேட யாராச்சும் கழட்டுவாங்களா? நாங்க கழட்டுனோம். ஒரு தடவ இல்ல.

வண்டி மேல பழி நிக்கக் கூடாது தம்பி. அதனால சொல்றேன். உங்களோட இருக்கட்டும்.

கம்பத்துல ஜபருல்லான்னு ஒருத்தரு, வண்டிச் சாமான் கட வச்சிருக்காரு. சாமானும் விப்பாரு, மாட்டியும் குடுப்பாரு. அவரும் எங்க வீட்டுக்காரரும் இளவட்டத்துல ஒரே லாரியில கிளீனரா இருந்தவங்க. அப்புறம் இவரு ஸ்டீரிங்கப் பிடிச்சாரு, அவரு ஸ்பேனரப் பிடிச்சாரு. மாப்ள, மச்சான்னுதான் கூப்பிட்டுக்குவாங்க. எங்க பக்கம் அது உங்களுக்கும் தெரியுமே, ராவுத்தர் வீட்டுக்காரங்களும் நாங்களும் முறை வச்சுப் பேசிக்கிறவங்கதான். இவருக்கு மச்சான்னா எனக்கு அண்ணன். என்னயத் தங்கச்சின்னுதான் கூப்பிடுவாரு. எனக்குக் கூடப் பொறந்த ஆம்பள கெடையாது. எம்மக அபிராமிக்குக் காது குத்துறப்ப அவரு மடியில வச்சுத்தான் குத்துனோம். "இவ கல்யாணத்துக்கும் தாய்மாமன் சீரு நாந்தான் கொண்டு வருவேன், வேற எவனும் முந்திக்கிறக் கூடாது"ன்னு சொன்னவரு.

போன வருசம் ஆடியில வண்டி கிரீச்சு கிரீச்சுன்னு கத்த ஆரம்பிச்சுச்சு. அந்தத் தடவ நெசமாவே பேடு தேஞ்சு போச்சு. நானும் கூடப் போயிருந்தேன். அண்ணன் ரெண்டு மூணு பெட்டிய எடுத்து மேச மேல வச்சாரு.

"மல ஏறி எறங்குற வண்டி மாப்ள. இது மெட்டல் கலந்தது. சூடேறுனாலும் விடாமப் பிடிக்கும். ஆனா லேசாக் கத்தும், டிஸ்க்கயும் கொஞ்சம் தின்னும். இது கம்பெனிது, வண்டியோட வந்தது மாதிரியே இருக்கும். இந்தா இது கத்தாது, தூசி கொட்டாது, ஆனா டவுனுக்குள்ள ஓட்டுறவனுக்குத்தான் லாயக்கு. இதவிட வெல கம்மியா வெளிய கெடைக்கும். அத நான் வாங்கி வைக்கிறதில்ல."

இவரு மெட்டல் கலந்தத எடுத்தாரு. "கத்தட்டும் மச்சான். வீட்டுல ஒண்ணு கத்துது, வண்டியில ஒண்ணு கத்தட்டும்"னாரு. அண்ணன் சிரிச்சாரு. நானும் சிரிச்சேன். அன்னைக்கு அப்படித்தான் இருந்தோம்.

கொஞ்ச நாள்தான் ஆச்சு. பிரேக் பிடிக்கலன்னு இவரு சொல்ல ஆரம்பிச்சாரு. சாப்பிடுறப்ப சொல்லுவாரு, படுக்குறப்ப சொல்லுவாரு. திரும்பவும் கடைக்குப் போனோம். அண்ணன் சக்கரத்தக் கழட்டிப் பாத்தாரு, பேடு புதுசாட்டமே இருக்கு. பிரேக் ஆயில மாத்துனாரு, குழாயில காத்து நின்னுச்சான்னு பாத்து எடுத்து விட்டாரு. அவரே பைபாஸ்ல ஓட்டிட்டு வந்தாரு. "கச்சிதமா நிக்குது மாப்ள"ன்னாரு.

"உனக்கு நிக்குது, எனக்கு நிக்கலயே. மிதிச்சா காலுக்கு ஒண்ணுமே தெரியல மச்சான். பஞ்ச மிதிக்கிற மாதிரி இருக்கு. கம்பெனி பேடே போட்டு விடு."

போட்டு விட்டாரு. அப்பக் கழண்டதுதான் நீங்க கையில வச்சிருக்கிற பெட்டியில இருக்கிற மொதச் செட்டு.

அந்த வாரத்துலதான் தம்பி நான் அதப் பாத்தேன். திராட்சத் தோட்டத்துல இருந்து வரப்பு மேல முன்னாடி இவரு நடந்து வாராரு, பின்னாடி நான் வாரேன். அவரு வலது கால் செருப்பு கழண்டு வரப்புல கெடக்கு. அவரு பாட்டுக்கு நடந்து போய்ட்டே இருக்காரு. முள்ளு கெடக்கு, கல்லு கெடக்கு, ஒரு கால்ல செருப்பு இல்லன்னு அவருக்குத் தெரியல. நான் கூப்பிட வாயத் தொறந்தேன். கூப்பிடல. செருப்ப எடுத்துக் கூடைக்குள்ள வச்சு மேல கீரையப் போட்டு மூடிட்டேன். வண்டிக்கிட்ட வந்ததும், "எஞ்செருப்ப எங்க விட்டேன்?"னு தேடுறாரு. "தோட்டத்துலயே விட்டுட்டு வந்துட்டீங்க, நான் எடுத்து வச்சிருக்கேன்"னேன்.

எனக்கு அது என்னன்னு தெரியும். எங்கப்பாவுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுச்சு. சக்கர வியாதியில காலு மரத்துப் போறது. எங்கப்பாவுக்கு முழங்காலுக்குக் கீழ எடுத்தாங்க. நான் பக்கத்துல இருந்து பாத்தவ. இவருக்கும் சக்கர இருக்குன்னு ஊர்ல கேம்பு போட்டப்பவே சொன்னாங்க, மாத்திர குடுத்தாங்க. "எனக்கு ஒண்ணும் இல்ல"ன்னு ஜன்னல் மேல வச்சாரு, அங்கனயே கெடந்துச்சு.

சொல்லிருக்கலாம்ல? நீங்க கேக்க மாட்டீங்க, ஆனா மனசுல நெனைப்பீங்க. அபிராமிக்கு ஆண்டிபட்டியில மாப்பிள்ள பேசியிருந்தோம் தம்பி. தையில கல்யாணம். பொண்ணோட அப்பா சொந்த வண்டி வச்சு ஓட்டுறாருன்னு சொல்லித்தான் அவங்க வந்தாங்க. சக்கர, காலு போகப் போகுது, வண்டிய நிறுத்திட்டாருன்னு தெரிஞ்சா பேச்சு என்னவாகும்? கல்யாணம் முடியட்டும், முடிஞ்ச மறுநாளே ஆஸ்பத்திரின்னு இருந்தேன். அவருக்காகத்தான் இருந்தேன். இருவது வருசம் அடுத்தவன் வண்டிய ஓட்டிட்டு இப்பத்தான் சொந்த வண்டி, கண்ணாடியில மக பேரு. அவருகிட்டப் போயி உங்க காலு செத்துப்போச்சுன்னு எப்படிச் சொல்றது? அவருக்கு அது தெரியாது தம்பி. பேடுதான் சரியில்லன்னு நம்பிக்கிட்டு இருந்தாரு. நம்பிக்கிட்டு இருக்கட்டும்னு விட்டேன்.

சும்மா விடல. கூடவே போனேன். புளி வாங்கணும், சந்தைக்குப் போகணும்னு ஏதாச்சும் சொல்லி ஏறி உக்காந்துக்குவேன். வளைவு வந்தா "வளைவு"ம்பேன், மாடு வந்தா "மாடு"ம்பேன். என் காலு தானா தரையப் போட்டு அழுத்தும். வீட்டுக்கு வந்தா எனக்குக் கெண்டக்காலு வலிக்கும்.

அப்பத்தான் அவரு செருப்பக் கழட்டி வச்சிட்டு வெறுங்கால்ல ஓட்ட ஆரம்பிச்சாரு. ஏன்னு கேட்டேன். "செருப்பு வழுக்குது"ன்னாரு. கோயிலுக்குப் போறவங்கள, தோட்ட வேலைக்குப் போறவங்கள முன்னெல்லாம் ஏத்திட்டுப் போவாரு, அதயும் நிப்பாட்டிட்டாரு. சரக்கு மட்டும்தான். எனக்குக் கோவம். "வெறும் வண்டியாத்தான திரும்புறீங்க, நாலு சனத்த ஏத்துனா கொறஞ்சா போயிருவீங்க"ம்பேன். வயசாக வயசாக மனுசனுக்குக் கருமித்தனம் வருதுன்னு நெனச்சேன்.

ஒருநா கொட்டகையில வண்டி நிக்குது, இவரு உள்ள உக்காந்திருக்காரு. எஞ்சின் ஓடல. பிரேக்க மிதிக்கிறாரு, குனிஞ்சு காலப் பாக்குறாரு. திரும்ப மிதிக்கிறாரு, திரும்பக் குனிஞ்சு பாக்குறாரு. என்னயப் பாத்ததும், "பிரேக் செக் பண்றேன்"னு சொன்னாரு. பாவம், அம்புட்டுக் கவல அந்த பிரேக்கு மேல.

மூணாவது தடவ கடைக்குப் போனோம். கம்பெனி பேடும் சரியில்லயாம். அண்ணன் அதையும் கழட்டி வெளிச்சத்துல தூக்கிப் பாத்தாரு. கீழ குனிஞ்சவரு, "மாப்ள, கால்ல என்ன ரத்தம்?"னாரு. பெருவிரலுக்கு அடியில ஆணி மாதிரி என்னமோ குத்திக் காஞ்சு போயிருக்கு. இவரு பாத்துட்டு, "ஏதாவது கல்லு பட்டுருக்கும்"னாரு.

அண்ணன் என்னயப் பாத்தாரு. நான் செவத்துல தொங்குன காலண்டரப் பாத்தேன்.

இவரு டீ குடிக்கப் போனதும் பக்கத்துல வந்தாரு. "தங்கச்சி, இது பேடு இல்ல. பேடு மாத்துனா சரியாகாது. உனக்குத் தெரியுதா?"

"எனக்கு வண்டியப் பத்தி என்னண்ணே தெரியும்?"னேன்.

"நான் வண்டியப் பத்திப் பேசல தங்கச்சி."

"அவரு என்ன கேக்குறாரோ அத மாட்டிக் குடுத்துருங்கண்ணே. தையில கல்யாணம் இருக்கு."

அண்ணன் அலமாரியில இருந்து ஒரு பெட்டிய எடுத்தாரு. மறுபடியும் மெட்டல் கலந்ததுதான், வேற கம்பெனி. "மாட்டுறேன். ஆனா மலைக்கு அனுப்பாத. கீழ ஓட்டட்டும்"னாரு. சரின்னு தலையாட்டுனேன். அந்த வாரமே மலைக்கு, ஏலத் தோட்டத்துக்கு உர லோடு வந்துச்சு. வந்த லோட வேண்டாம்னு எப்படிச் சொல்றது, நீங்களே சொல்லுங்க.

ஐப்பசி மழ. கம்பம்மெட்டு ரோட்டுல ஏத்திட்டுப் போய் எறக்கிட்டுத் திரும்புறோம். நான் முன்னாடி சீட்டுல. மேல செக்போஸ்ட்டத் தாண்டுனதும் ரோட்டோரமா நம்ம ஊருப் பொம்பளைக நிக்கிறாங்க. ஏலத் தோட்டத்துக்கு வேலைக்குப் போனவங்க, வந்த ஜீப்பு ரிப்பேராகி மழையில நனைஞ்சுக்கிட்டு நிக்குதுக. எங்க பெரியம்மா மக பெருமாயியும் அதுல இருக்கா. கையக் காட்டுறா.

இவரு நிப்பாட்டாம வந்தாரு. நான்தான் நிப்பாட்டச் சொன்னேன்.

"வேணாம் குருவம்மா. அடுத்த ஜீப்புல வரட்டும்."

"மழையில நிக்குதுக."

"சொன்னாக் கேளு. எறக்கத்துல ஆள ஏத்த மாட்டேன்."

"மனுசந்தானா நீங்க? எங்க பெரியம்மா மக நிக்கிறா. ஊர்ல அவ மொகத்துல நான் முழிக்க வேணாமா?"ன்னு கேட்டேன்.

நிப்பாட்டிட்டாரு. பின்னாடி ஏறிக்கிட்டாங்க. தார்ப்பாயத் தலைக்கு மேல பிடிச்சுக்கிட்டுப் பேசிச் சிரிச்சுக்கிட்டு வாராங்க. இவரு மெதுவாத்தான் ஓட்டுனாரு. ஸ்டீரிங்கப் பிடிச்ச கை வெளுத்திருந்துச்சு.

பாதி மல எறங்கியிருப்போம். ஒரு கொண்டை ஊசி வளைவுல கீழ இருந்து பஸ் ஏறி வருது. "பஸ்ஸு"ன்னேன். வண்டி நிக்கல. "மிதிங்க"ன்னேன். "மிதிச்சுட்டுத்தான இருக்கேன்"னு சொல்றாரு. பல்லக் கடிச்சுக்கிட்டு, தொட நடுங்க மிதிக்கிறாரு. நான் கீழ குனிஞ்சு பாத்தேன்.

அவரு காலு பிரேக் மேல இல்ல தம்பி. பிரேக்குக்குப் பக்கத்துல வெறும் தரைய மிதிச்சுட்டு இருக்கு. உசுரக் குடுத்து மிதிக்கிறாரு, தரைய.

நான் என் கையாலயே அந்தக் காலப் பிடிச்சு நகட்டுறதுக்குள்ள, இவரு பஸ்ஸுக்கு வெலகி தடுப்புச் செவத்துல கொண்டுபோய் விட்டுட்டாரு. செவரு தாங்குச்சு. அந்தப் பக்கம் பாத்தா அடி தெரியாது, அம்புட்டுப் பள்ளம். மத்தவங்களுக்குச் செராய்ப்புதான். பெருமாயி மட்டும் வண்டியோட பின்கம்பியத் தாண்டி ரோட்டுல விழுந்துட்டா. இடுப்பெலும்பு முறிஞ்சு போச்சு. நல்லா நடந்து திரிஞ்சவ. இப்பக் கம்ப ஊனிட்டுக் கக்கூசுக்குப் போய் வாரா. ஏலத் தோட்டத்துப் பக்கம் இனிமே அவ போக முடியாது.

பஸ்ஸு ஆளெல்லாம் எறங்கிக் கூடிட்டாங்க. என்னாச்சு என்னாச்சுன்னு கேக்குறாங்க. இவரு ரோட்டுல உக்காந்துக்கிட்டு, "பிரேக் பிடிக்கல"ன்னாரு.

நம்ம ஊருப் பொம்பள ஒருத்தி, "இப்பத்தான பேடு மாத்துனீங்க?"ன்னு கேட்டுட்டா.

"மாத்துனேன். டூப்ளிகேட்டா இருக்கும்."

அதச் சொல்றப்ப அவரு யாரயும் பாக்கல. மழத்தண்ணி ஓடுறதப் பாத்துக்கிட்டே சொன்னாரு. நான் வாயத் தொறக்கல. அந்த எடத்துல தொறக்க முடியுமா? பெருமாயி வலியில கத்துறா. அவ புருசன் வருவான், அண்ணன் தம்பி வருவாங்க. கால் மரத்தவன் ஆள ஏத்திட்டு வந்தான்னு தெரிஞ்சா எங்க வீட்டுக்காரர உசுரோட விட்டுருப்பாங்களா?

மறுநாளு பெருமாயியோட அண்ணன் தம்பியெல்லாம் ஜபருல்லா அண்ணன் கடைக்குப் போயிட்டாங்க. இவரையும் கூட்டிட்டுப் போனாங்க. நானும் போனேன். கட முன்னாடி ஒரே கூட்டம். "டூப்ளிகேட் சாமான வித்து ஆளக் கொல்லப் பாத்தியா"ன்னு ஒருத்தன் மேசையத் தட்டுறான். அண்ணன் உள்ள போயி, மூணாவது தடவ எங்க வண்டியில கழட்டுன பேட, இப்ப இந்தப் பெட்டியில இருக்கே, அத எடுத்துட்டு வந்து மேச மேல வச்சாரு. தேயாத பேடு. இவர நேராப் பாத்தாரு. "மாப்ள, சொல்லு"ன்னாரு. அம்புட்டுத்தான்.

இவரு தலையக் குனிஞ்சுக்கிட்டாரு.

அண்ணன் என் பக்கம் திரும்புனாரு. நான் என்ன செஞ்சேன் தெரியுமா? தலைய இப்படி லேசா ஆட்டுனேன். சொல்லாதீங்கன்னு. யாருக்கும் தெரிஞ்சிருக்காது, சேலத் தலப்ப சரி பண்ற மாதிரிதான் இருந்திருக்கும். அண்ணனுக்குத் தெரிஞ்சுச்சு.

மேச மேல கைய வச்சுக்கிட்டுச் சொன்னாரு, "என் கடச் சாமான்தான். நாந்தான் மாட்டுனேன். அந்தப் பொம்பளைக்கு ஆகுற வைத்தியத்த நான் பாத்துக்கிறேன்."

நான் சொல்லச் சொல்லல தம்பி. சொல்லாதீங்கன்னுதான் தலையாட்டுனேன். பழிய ஏத்துக்கங்கன்னா கேட்டேன்? அவரா ஏத்துக்கிட்டாரு. ஆனா வீட்டுக்கு வந்து படுத்தா, அவரு மேச மேல வச்ச கைதான் கண்ணுக்குள்ள வருது. கிரீஸ் அப்புன கை. இன்னைக்கு வரைக்கும் வருது.

அதுக்கப்புறம் டிரைவருங்க அந்தக் கடைக்குப் போறதில்ல. சாமான் நல்லதில்லன்னு ஸ்டாண்டுல பேச்சாயிருச்சு. நீங்ககூட அந்தப் பேச்சத்தான கேட்டுட்டு வந்தீங்க. சைக்கிள் டியூபும் மோட்டார் ஆயிலும் வித்துட்டு உக்காந்திருக்காருன்னு கேள்வி.

ஒருநா நான் மட்டும் போனேன். பொன்னாங்கண்ணிக் கீர கொஞ்சம் எடுத்துட்டுப் போனேன், அண்ணி கேப்பாங்கன்னு. அண்ணன் ஸ்டூல எடுத்துப் போட்டாரு. எனக்கு அழுகதான் வந்துச்சு. "அழுகாத தங்கச்சி. நான் பேசுனது பேசுனதுதான், மாத்திப் பேச மாட்டேன். ஒண்ணு மட்டும் செய். அவன ஓட்ட விடாத. அது போதும் எனக்கு"ன்னாரு. சத்தியமா விடமாட்டேன்னு சொன்னேன்.

விட்டேன். என்ன பாக்குறீங்க? மலைக்கு அனுப்பல. மார்கழி முழுக்கத் திராட்ச லோடு, கீழதான், நேர் ரோடு. கல்யாணச் செலவு தலைக்கு மேல நிக்குது. நான் பக்கத்துலயே உக்காந்து போனேன். காலப் பாத்துக்கிட்டே வருவேன். வெலகுனா, "பேச்சுக் குடுக்காம ஓட்டுங்க"ன்னு சொல்லுவேன், டக்குன்னு குனிஞ்சு பாத்துக்குவாரு. எப்படியோ எங்களுக்குள்ள ஒரு பழக்கமாயிருச்சு. ஒண்ணும் நடக்கல, சாமி புண்ணியம்.

கல்யாணப் பத்திரிக வந்துச்சு. அண்ணனுக்கு வைக்கணும்னு நான் ஒண்ண எடுத்துத் தனியா வச்சேன். இவரு பாத்துட்டாரு. "பெருமாயி வீட்டுக்காரங்க எல்லாரும் வருவாங்க. அவரு வந்து நின்னா வம்பாயிரும். வேணாம்"னாரு. அதுவும் சரிதானேன்னு நானும் விட்டுட்டேன்.

முகூர்த்தத்துல, "தாய்மாமன் வாங்க"ன்னு கூப்பிட்டாங்க. எங்க சித்தப்பா மகன், சின்னமனூர்ல இருக்கான், நாலு வருசமா எங்க வீட்டு வாசப்படி மிதிக்காதவன், அவன் வந்து மாலையப் போட்டான். அபிராமி குனிஞ்சு வாங்கிக்கிட்டு என்னய நிமிந்து பாத்தா. மாமா வரலயான்னு ஒரு வாரமாக் கேட்டுட்டு இருந்தவ. நான் பந்தியப் பாக்கப் போறேன்னு எறங்கிப் போயிட்டேன்.

மாசியில அந்தப் பெருவிரலு கறுத்துப் போச்சு. நாத்தம் வந்த பெறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டரு தூண்டில் நரம்பு மாதிரி ஒண்ண வச்சு உள்ளங்காலக் குத்திக் குத்திக் கேக்குறாரு, "இப்பத் தெரியுதா, இப்பத் தெரியுதா?"ன்னு. இவரு மோட்டுவளையப் பாத்துட்டுப் படுத்திருக்காரு. ஒரு தடவகூடத் தெரியுதுன்னு சொல்லல. "எவ்வளவு நாளா இப்படி?"ன்னாரு டாக்டரு. "இப்பத்தான் சார், ரெண்டு வாரமா"ன்னு நான் சொன்னேன். இவரு என்னயப் பாத்தாரு. வெரல எடுத்துட்டாங்க. இனிமே ஓட்டக் கூடாதுன்னுட்டாங்க. அதான் வண்டியக் குடுக்குறோம்.

பெருமாயி வீட்டுக்கு நான் தினமும் கொழம்பு கொண்டு போறேன். கறி எடுத்தா மொத அவளுக்குத்தான். அவ சாப்பிட்டுக்கிட்டே, "அந்தக் கடக்காரன் நல்லாருப்பானா?"ன்னு மண்ண வாரித் தூத்துவா. நான் ரசத்த ஊத்திட்டு உக்காந்திருப்பேன். ஒருநா, "நீ எனக்கு இம்புட்டுச் செய்யணும்னு என்னக்கா இருக்கு, உன் மேல என்ன தப்பு?"ன்னு கேட்டா. "மழையில உன்னய ஏறச் சொன்னது நாந்தானடி"ன்னேன். அதச் சொன்னதுக்கே எனக்கு மனசு கொஞ்சம் லேசாச்சு.

ஜபருல்லா அண்ணன் பேரச் சரி பண்ணிருக்கலாமேன்னு கேக்குறீங்களா? பண்ணணும் தம்பி. பண்ணாம விட மாட்டேன். இவரு காலு ஆறட்டும். அபிராமி இப்ப முழுகாம இருக்கா, அவளும் நல்லபடியாப் பெத்து எந்திரிக்கட்டும். இப்பப் போயி, உங்க காலாலதான் எல்லாம், உங்க மச்சான் பழி சொமந்தாருன்னு இவருக்குத் தெரிய வந்தா மனுசன் தாங்க மாட்டாரு.

தெரியுமோன்னு எனக்கே ஒரு நிமிசம் ஆயிருச்சு, முந்தாநாளு. உங்களுக்கு முன்னாடி ராயப்பன்பட்டியில இருந்து ஒருத்தரு வண்டி பாக்க வந்தாரு. நான் அடுப்படியில இருந்தேன். அவரு எல்லாம் பாத்துட்டு, "பேடு மாத்தணும்னா எங்கண்ணே நல்லதாக் கெடைக்கும்?"னு கேட்டாரு. இவரு ரொம்ப நேரம் பேசல. போயிட்டாரோன்னுகூட நெனச்சேன். பெறகு சொல்றாரு, "கம்பத்துல ஜபருல்லா கடைக்குப் போங்க. கண்ண மூடிட்டு வாங்கலாம். அவரு கடையில கெட்ட சாமானே இருக்காது."

நான் அகப்பையோட அப்படியே நின்னேன். வந்தவரு போனதும், சோறு போட்டு வச்சேன். சாப்பிட்டாரு. நான் ஒண்ணும் கேக்கல. தட்டுல கை கழுவுறப்ப, "கொழம்புல உப்பு கம்மி"ன்னாரு. அம்புட்டுத்தான் அன்னைக்குப் பூரா பேசுனது.

மாத்திர வேகம் தம்பி. ஆஸ்பத்திரியில குடுக்குற மாத்திர அப்படி. என்ன பேசுறோம்னு தெரியாமப் பேச வைக்கும். இல்லாட்டி ஒரு மனுசன், தெரிஞ்சுக்கிட்டே, தன்னோட மச்சான... இல்ல, அவரு அப்படிப்பட்ட ஆளு இல்ல.

ஆட்டோ சத்தம் கேக்குதா? அவங்கதான். அந்தப் பெட்டிய இப்படிக் குடுங்க, சாக்குக்கு அடியில வச்சுர்றேன். தம்பி, அவரு வந்தா எஞ்சினப் பத்திக் கேளுங்க, டயரப் பத்திக் கேளுங்க. மைலேஜ் எவ்வளவு குடுக்கும்னு கேட்டாச் சந்தோசமாச் சொல்லுவாரு. பிரேக்கப் பத்தி மட்டும் அவருகிட்டக் கேட்டுறாதீங்க.